சுவரொட்டி

மதுரையில் சுவரொட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் போஸ்டர்தான் ஞாபகம் வரும். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று எதற்கும் சுவரை விட்டுவைக்காத ஊர்தானே. ஆனால் காலையில் கறிக்கடைக்குப் போய் "சுவரொட்டி இருக்கா?" என்று கேட்டுப்பாருங்கள். கருஞ்சிவப்பாக, உள்ளங்கை அளவில், தட்டையாக ஒன்றை எடுத்து இலையில் வைப்பார்கள். ஆட்டின் மண்ணீரல். தூக்கி எறிந்தால் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அதனால் அந்தப் பெயர் என்பார்கள். நானும் என் மாமா மகனும் சின்ன வயதில் ஒருமுறை கடைச் சுவரில் எறிந்து பார்த்தோம். ஒட்டியது. மாமாவிடம் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. செல்லூரில் கறிக்கடை. ஓர் ஆட்டுக்கு ஒரு சுவரொட்டிதான் என்பதால் அதற்கு எப்போதும் போட்டி இருக்கும். மாமா அதைக் காசு கூடக் கொடுப்பவருக்கு விற்க மாட்டார். பிள்ளை பெற்ற வீடு, ரத்தம் கம்மி என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய பெண் பிள்ளை, இவர்களுக்குத்தான் முதலில். "மிளகு தட்டிப் போட்டு லேசா வதக்கிக் குடு தாயி, ரொம்ப வேகவிட்டா ரப்பராயிரும்" என்று சமையல் குறிப்பும் சேர்த்துத் தருவார்.

அது வெறும் நம்பிக்கை இல்லை. ரத்தத்தின் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். வயதான அணுக்களைப் பொறுக்கி உடைத்து, உள்ளே இருக்கும் இரும்பை மீட்டெடுக்கும் வேலையில் மண்ணீரலுக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் ஆட்டு மண்ணீரலில் ஈரலைவிடப் பல மடங்கு இரும்புச்சத்து. இதையெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அது ஆட்டில் எங்கே இருக்கும் என்பது மட்டும்தான். எனக்குள்ளும் ஒன்று இருக்கிறது, இடது விலாவுக்கு அடியில், கைமுட்டி அளவில், 150 கிராம் எடையில், என்பதை 30 வயது வரை ஒருநாள்கூட யோசித்ததில்லை.

2022 தீபாவளி. கறிக்கடைக்காரர்களுக்கு அது பண்டிகை இல்லை, பரீட்சை. விடிய மூன்று மணிக்கே வரிசை நிற்கும். மாமா நின்றுகொண்டே பத்து மணி நேரம் வெட்டுவார். அந்த வருடம்தான் முதல்முறையாக அவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்ததைப் பார்த்தேன். "வயசாகுதுல்ல மாப்ள" என்றார். 46 வயது.

அடுத்த வாரம் காய்ச்சல். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். ஐப்பசி மழை, ஊரெல்லாம் டெங்கு. தெருமுனை கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பிளேட்லெட் 31,000. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. டெங்குவேதான் என்று முடிவாகிவிட்டது. இரண்டு பாட்டில் டிரிப் ஏற்றி, காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அத்தை நிலவேம்புக் கசாயம் வைத்தாள். நான் பப்பாளி இலை தேடி பெத்தானியாபுரம் வரை போனேன்.

அந்த ரிப்போர்ட் தாள் இன்னமும் என்னிடம் இருக்கிறது. பிளேட்லெட்டுக்கு மேலே ஒரு வரி. வெள்ளை அணுக்கள் 62,000. நமக்கெல்லாம் 4,000 முதல் 11,000 வரை இருக்கும். டெங்குவில் வெள்ளை அணு பொதுவாகக் குறையும், இப்படி ஏறாது. அந்த வரியை யாரும் கவனிக்கவில்லை. நானும்தான் பார்த்தேன், பார்த்துவிட்டு மடித்து பைக்குள் வைத்துக்கொண்டேன். டாக்டர் மாமாவின் வயிற்றில் கை வைத்துப் பார்க்கவில்லை என்பதும் உண்மை. கூட்டம் வாசலைத் தாண்டி நின்ற நாள் அது. ஆனாலும் அந்த அரை நிமிடத்துக்காக எனக்கு அவர்மேல் இன்றுவரை கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

காய்ச்சல் விட்டும் விடாமலும் போக்குக் காட்டியது. மாமா இரண்டு இட்லியில் வயிறு நிறைந்துவிட்டது என்று தட்டை நகர்த்தினார். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் கல்லை வைத்த மாதிரி இருக்கிறது என்றார். வாயு என்றோம். பூண்டை நசுக்கிப் பாலில் போட்டுக் கொடுத்தோம். அப்புறம் ஒரு நாள் இடது தோளில் வலி. கழுத்துக்குக் கீழே, சட்டையின் தோள்பட்டைத் தையல் வரும் இடத்தில். 25 வருடம் கத்தி பிடித்து வெட்டியவருக்குத் தோள் வலிக்காமல் என்ன செய்யும்? அவர் வெட்டுவது வலது கையால் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

சுளுக்கு வழிக்கக் கூட்டிப்போனவன் நான்தான். பாலமேடு பக்கம் ஒரு பெரியவர். ஜல்லிக்கட்டில் தோள் இறங்கிய பையன்களெல்லாம் அவரிடம்தான் போவார்கள். டிவிஎஸ் எக்ஸெல்லில் மாமாவைப் பின்னால் உட்காரவைத்து, ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் "மெல்லடா, மெல்லடா" என்று சொல்லச் சொல்ல ஓட்டிப் போனேன். அந்தப் பள்ளங்களை இப்போது நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

பெரியவர் விளக்கெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டு மாமாவின் தோளைப் பிடித்தார். அமுக்கினார். கையைப் பின்னால் கொண்டுபோனார், தலைக்கு மேல் தூக்கினார், சுற்றினார். மாமா முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. பெரியவர் கையை எடுத்துவிட்டார்.

"வலிக்குதுங்கிற. ஆனா நான் தொட்டா வலிக்கல, தூக்குனாலும் வலிக்கல. இது தோள் வலி இல்லப்பா. வேற எங்கயோ இருந்து வருது. கைய வச்சு நான் கெடுக்க மாட்டேன். பெரியாஸ்பத்திரிக்குப் போயி நெஞ்சுக்குப் படம் எடுத்துப் பாரு."

மாரடைப்பு என்று அவர் நினைத்திருப்பார். காசும் வாங்கவில்லை. நாளைக் காலையில் போகலாம் என்று வீட்டுக்கு வந்தோம்.

அவர் கை கண்டுபிடித்ததற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது. ஜெர்மானிய அறுவை நிபுணர் ஹான்ஸ் கெர் என்பவரின் பெயரில் கெர் அறிகுறி என்பார்கள். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைக்கு உதரவிதானம் என்று பேர். வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் அதன் இடது பக்கத்தை உறுத்தினால் வலி இடது தோளில் தெரியும். காரணம் வயரிங்தான். உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்தில் கிளம்புகிறது. கரு உருவாகும்போது உதரவிதானம் கழுத்துப் பக்கம் தோன்றி, பிறகு கீழே இறங்கி வருகிறது, வரும்போது நரம்பையும் இழுத்துக்கொண்டு வருகிறது. தோளின் தோலுக்கும் அதே கழுத்து நரம்புகளில் இருந்துதான் கிளை. ஒரே கம்பத்தில் இருந்து இரண்டு வீட்டுக்கு லைன் போன மாதிரி. எந்த வீட்டில் தீப்பொறி என்று மூளைக்குக் குழப்பம். அதனால்தான் தோளை என்ன திருகினாலும் வலி கூடுவதில்லை.

அன்றிரவு மூன்று மணி இருக்கும். மாமா எழுந்து பாத்ரூம் போனார், இருமினார். ஏதோ விழுந்த சத்தம். அத்தை விளக்கைப் போட்டுப் பார்த்தபோது உடம்பு முழுக்க வேர்த்து, உதடு வெளுத்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வயிறு பலூன் மாதிரி விறைத்திருந்தது. 108 வந்தது. வைகைப் பாலத்தைத் தாண்டும்போது ஆம்புலன்ஸில் இருந்தவர் ரத்த அழுத்தத்தைச் சத்தமாகச் சொன்னார். மேல் அளவு 70.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்த பெண் டாக்டர் இரண்டு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. வயிறு முழுக்க ரத்தம். மண்ணீரல் 19 செ.மீ., சாதாரணமாக 11 இருக்கும். மேல்பக்கம் கிழிந்திருக்கிறது. ஹீமோகுளோபின் 4.9. "எங்கயாவது விழுந்தாரா? வண்டியில அடிபட்டாரா? யாராவது அடிச்சாங்களா?" மூன்று முறை கேட்டார். இல்லை இல்லை என்றேன். பாலமேட்டுப் பள்ளங்களைச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு ரத்தத்தை ஒரு கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்க அனுப்பினார். அரை மணி நேரத்தில் ரத்தவியல் டாக்டருக்கு போன் போனது. முதிராத வெள்ளை அணுக்கள், கூட்டம் கூட்டமாக. பிளாஸ்ட் என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். லுக்கீமியா. ரத்தப் புற்று. அதிலும் தீவிர வகை, நாள்கணக்கில் வளரும் வகை.

ரத்தப் புற்றுக்கும் மண்ணீரல் கிழிவதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவே இல்லை. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்கேன் பார்த்த அந்த டாக்டர்தான் பொறுமையாகச் சொன்னார். எலும்பு மஜ்ஜையில் பெருகும் கெட்ட அணுக்கள் ரத்தத்தில் கலந்து மண்ணீரலுக்குள் வந்து குடியேறுகின்றன. அது வீங்குகிறது. ஆனால் அதைச் சுற்றியிருக்கும் உறை மெல்லியது, ஓரளவுக்குத்தான் இழுபடும். சில இடங்களில் அந்த அணுக்கள் உறையையே அரித்துவிடும். உள்ளே சின்னக் குழாய்கள் அடைத்துக்கொண்டு ஒரு பகுதி செத்து, அங்கே ரத்தம் கசியலாம். இதோடு பிளேட்லெட் குறைவு என்பதால் கசிந்தது உறைவதும் இல்லை. முதலில் உறைக்கு அடியிலேயே இரண்டு மூன்று நாள் ரத்தம் கட்டி நிற்கும். அப்புறம் ஓர் இருமல், ஒரு தும்மல், முக்கல் போதும். "பள்ளம்தான்னு சொல்ல முடியாது தம்பி. சும்மா படுத்திருந்தாலும் கிழிஞ்சிருக்கலாம்" என்றார். எனக்காகச் சொன்னாரோ என்னவோ.

ரொம்ப அரிது, வருடக்கணக்கில் வேலை பார்த்தும் இப்போதுதான் முதல்முறை பார்க்கிறேன் என்றும் சொன்னார். அடிபடாமலே மண்ணீரல் கிழிந்த 845 பேரின் விவரத்தைத் திரட்டி 2009இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. அவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு ரத்தப் புற்று உள்ளிட்ட புற்றுநோய், 27 சதவீதம் பேருக்கு மலேரியா மாதிரியான தொற்று. நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அதிலேயே இறந்திருக்கிறார்கள்.

தொடையில் குழாய் விட்டு மண்ணீரலுக்குப் போகும் தமனியை அடைக்கும் முறை ஒன்று உண்டு. வயிற்றைத் திறக்க வேண்டாம். ஆனால் அதற்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் நிலைத்து நிற்க வேண்டும். மாமாவுக்கு நிற்கவில்லை. திறந்துதான் ஆகவேண்டும், பிளேட்லெட்டோ 17,000.

அந்த நாலு மணிக்கு நான் போட்ட முதல் போன் மாமாவின் பக்கத்துக் கடைக்காரருக்கு. கறிக்கடைக்காரர்கள் அந்நேரம் விழித்திருப்பார்கள். இருவருக்கும் பத்து வருடமாகப் பேச்சு வார்த்தை கிடையாது, ஒரு வாடிக்கையாளர் விஷயத்தில் தகராறு. அரை மணி நேரத்தில் ஆடு வெட்டிய ஈரக் கையோடு பதினோரு பேர் வந்து நின்றார்கள். ரத்த வங்கியில் இருந்த அம்மா முதலில் எல்லாரையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரச்சொன்னார்.

பிளேட்லெட் என்றால் சிவப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பருப்புத் தண்ணி நிறத்தில் இருந்தது. மற்ற ரத்தத்தை ஃப்ரிட்ஜில் வைப்பார்கள், இதை 22 டிகிரியில் ஒரு தட்டில் வைத்து ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். தொட்டில் ஆடுவது மாதிரி அந்தத் தட்டு போய்ப்போய் வந்தது. ஐந்து நாளுக்கு மேல் தாங்காதாம். பாதியை ஆபரேஷன் தொடங்கும்போதும், மீதியை மண்ணீரல் தமனியைக் கட்டிய பிறகும் ஏற்றினார்கள். முன்னாடியே எல்லாவற்றையும் ஏற்றினால் வீங்கிய மண்ணீரலே விழுங்கிவிடும் என்றார்கள்.

ஏழு மணிக்குக் கதவு திறந்தது. "பேஷண்டோட அட்டெண்டர் யாரு?" பச்சை கவுன் போட்ட சர்ஜன் எவர்சில்வர் டிரேயோடு நின்றார். வெட்டி எடுத்ததைச் சொந்தக்காரர்களிடம் காட்டிவிட்டுத்தான் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். துணியை விலக்கினார்.

நான் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். அதே நிறம். பட்டுச்சேலையின் அரக்கும் கத்தரிக்காயும் கலந்த அந்த நிறம், அதே வழுவழுப்பு. ஆனால் உள்ளங்கை அளவில் இருக்க வேண்டியது டிரேயை அடைத்துக்கொண்டு கிடந்தது. மேல்பக்கம் நாலு விரல் நீளத்துக்கு உறை பிளந்து, உள்ளே இருந்து கருநாவல் பழத்தைப் பிசைந்த மாதிரி ரத்தக்கட்டி பிதுங்கியிருந்தது. ஓரத்தில் ஒரு துண்டு மட்டும் வெளிறி, வேகவைத்தது போல. அந்தப் பகுதிதான் முன்னாடியே செத்துப்போனது என்று சர்ஜன் விரலால் காட்டினார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை பார்க்கவில்லை. மாமா மகன், என்னோடு சேர்ந்து சுவரில் எறிந்தவன், டிரேயைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றான். "இம்புட்டுப் பெருசா" என்று மட்டும் சொன்னான்.

மாமா பிழைத்தார். மூன்றாவது நாள் குழாயெல்லாம் எடுத்தபின் என்னைக் கிட்டே கூப்பிட்டார். தொண்டை கட்டிய குரல்.

"காட்டுனாங்களா மாப்ள?"

"காட்டுனாங்க மாமா."

"எம்புட்டு இருந்துச்சு?"

கையால் காட்டினேன். அவர் என் கைகளுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தைக் கொஞ்ச நேரம் கவனமாகப் பார்த்தார். "ஒரு கிலோவுக்கு மேல வரும்" என்றார். நோய்க்கூறியல் ரிப்போர்ட் பத்து நாள் கழித்து வந்தது. 1,120 கிராம்.

ராத்திரிகளில் வராண்டாவில் உட்கார்ந்து போனில் படித்துக்கொண்டிருந்தேன். 1845இல் எடின்பரோவில் ஜான் ஹியூஸ் பென்னட் என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார். கூரைக்குக் கல் ஓடு வேயும் தொழிலாளி, 28 வயது. வேலை செய்தால் சோர்வு. வயிற்றின் இடது பக்கம் ஒரு கட்டி. இறந்தபின் அறுத்துப் பார்த்தால் மண்ணீரல் அசுரத்தனமாக வீங்கிக் கிடந்தது. பென்னட் அந்தக் கட்டுரைக்கு வைத்த தலைப்பிலேயே மண்ணீரல் வருகிறது. அதே வருடம் ஜெர்மனியில் ருடால்ஃப் விர்கோவும் இப்படி ஒருவரைப் பார்த்தார். 1847இல் அவர்தான் லுக்கீமியா என்று பேர் வைத்தார், கிரேக்கத்தில் வெள்ளை ரத்தம் என்று அர்த்தம். ஆக, இந்த நோய்க்குப் பேர் வைக்கும் முன்பே அதன் கதையில் மண்ணீரல் வந்துவிட்டது. அந்த ஓடு வேய்ந்தவரும் ஏணியில் ஏறும்போது "வயசாகுதுல்ல" என்று யாரிடமாவது சொல்லியிருப்பார்.

கீமோ கதை நீளம். அதை வேறொரு சமயம் எழுதுகிறேன். காயம் ஆற பன்னிரண்டு நாள் காத்திருந்தார்கள், அந்தக் காத்திருப்பும் ஆபத்துதான் என்று சொல்லிவிட்டே காத்திருந்தார்கள். ஏழு நாள் ஒரு மருந்து, அதில் முதல் மூன்று நாள் இன்னொன்றும் சேர்த்து. முடி போனது. வாயெல்லாம் புண். அத்தையின் நகை அடகுக்குப் போனது. காப்பீட்டு அட்டை பாதிச் செலவைத் தாங்கியது. ஒரு மாதம் கழித்து இடுப்பு எலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தபோது பிளாஸ்ட் 5 சதவீதத்துக்குக் கீழே வந்திருந்தது. அதன்பின் இன்னும் மூன்று சுற்று.

இப்போது கடையில் மகன் வெட்டுகிறான். மாமா கல்லாவில் உட்காருகிறார். மண்ணீரல் இல்லாமல் வாழ முடியுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். முடியும். ஆனால் நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் மாதிரியான கிருமிகளை ரத்தத்தில் இருந்து வடிகட்டும் காவல்காரன் போய்விட்டான். அதற்கான தடுப்பூசிகளைப் போட்டிருக்கிறார்கள். தினமும் பென்சிலின் மாத்திரை. காய்ச்சல் வந்தால் நாளைக் காலையில் பார்க்கலாம் என்ற பேச்சே இருக்கக்கூடாது, அந்த மணியே ஆஸ்பத்திரி. சட்டைப்பையில் ஓர் அட்டை வைத்திருக்கிறார், "எனக்கு மண்ணீரல் இல்லை" என்று. போன மாசிப் பச்சைக்கு அழகர்கோயில் போகும் வழியில் உடம்பு சுட்டது என்று வண்டியைத் திருப்பிவிட்டோம். ஒன்றுமில்லை, வெறும் சளி. திரும்பும்போது கோரிப்பாளையத்தில் டீ குடித்தோம்.

பாலமேட்டுப் பெரியவருக்கு மாமா ஒரு தொடைக்கறி கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் சைவம். விளக்கெண்ணெய் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர் சொன்ன ஒன்று மட்டும் மாமாவுக்கு இன்றுவரை உறுத்தல். நாய் கடிக்காமல், நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாயின் எச்சிலில் இருக்கும் ஒருவகைக் கிருமி மண்ணீரல் இல்லாதவர்களுக்கு உயிருக்கே உலை வைக்கும். கறிக்கடைக்காரரிடம் நாயை ஒதுக்கச் சொன்னால்? எட்டு வருடமாக வெட்டுக்கட்டைக்குக் கீழேயே படுத்துக் கிடந்த கருப்பனை எதிர்த்த மின்கம்பத்தில் கட்டிப்போட்டார்கள். கொஞ்ச நாளில் கயிறு தேவைப்படவில்லை, கோட்டைத் தாண்டி வரக்கூடாது என்று அதுவே கற்றுக்கொண்டது. மாமா கல்லாவில் இருந்தபடியே எலும்பை எறிவார். சாலையைத் தாண்டிப் போய் விழும். கருப்பன் எடுத்துக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்துக்கொள்ளும்.

"இன்னும் கோவமாத்தான் இருக்கான்" என்பார் மாமா.